வெள்ளை என்றுதான் சொன்னாள்

இல்லைங்க, திருநீறு இல்லை. பெயிண்டு. நேற்று ஒட்டினது. கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் தேய்க்கவில்லை. இங்கே கண் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கழுவலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் யாரிடமும் இப்படிப் பேசுகிறவன் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மணி கேட்டால்கூடக் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டிவிடுவேன். நீங்க கேட்டீங்க, கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, அதனால் சொல்கிறேன். எனக்கு நம்பர் நாற்பத்தெட்டு. இப்போது முப்பத்தொன்று உள்ளே போயிருக்கிறார். ஆளுக்கு ஆறு நிமிஷம் ஆகிறது. நேரம் இருக்கிறது.

சின்ன விஷயம்தான். ஒரு ரூமுக்கு வெள்ளையடித்தேன். சொன்னபடி அடித்தேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. நீங்களாவது சொல்லுங்க.

நான் கோழிப்பண்ணையில் இருந்தவன். புதுச்சத்திரத்துப் பக்கம். படிப்பு ஐந்தாவதோடு சரி. முப்பத்தொரு வருஷம் முட்டை எண்ணினேன். ஒரு அட்டைக்கு முப்பது. லாரியில் ஏறுகிற அட்டையை வாசலில் நின்று எண்ண வேண்டும், கீறல் முட்டையைத் தனியாக எண்ண வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் என் எண்ணிக்கை தப்பியது இரண்டே தடவை. அதில் ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். என் பேர் அர்த்தநாரி. பண்ணையில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ‘எண்ணறவரு’ என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுக்காரி பேர் பூவாயி. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். ஒரே பெண், ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

வீடு கட்டி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. முன்னறைக்குப் பெயிண்டு அடித்தோம், சமையலறைக்கு அடித்தோம், பின்னால் இருக்கிற ரூமுக்கு மட்டும் அடிக்கவில்லை. அது பத்துக்குப் பதினொன்று. சிமெண்டுப் பூச்சோடு நின்றுவிட்டது. முதலில் பண்ணையிலிருந்து கொண்டுவந்த பழைய முட்டை அட்டைகளை அங்கே அடுக்கினேன். அப்புறம் பெண் பெரியவளானாள், அவளுக்குத் துணையாகப் பூவாயியும் அந்த ரூமில் படுத்தாள். பெண் கல்யாணமாகிப் போன பிறகும் இவள் அங்கேயேதான் படுத்தாள். நான் முன்னறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். சுவர் மணலாக உதிரும்தான். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெல்லாம் சிமெண்டுத் தூள். அவள் சேலையைத் தட்டிக்கொண்டே வெளியே வருவாள்.

அடித்துக் கொடுங்கள் என்று அவள் கேட்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கேட்டாள். பதினோரு தடவை கேட்டிருக்கிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் பதினொன்று என்றால் வருஷத்துக்கு அரைத் தடவை. நீங்களே பாருங்க, அவசரமான காரியத்தை யாராவது வருஷத்துக்கு அரைத் தடவை கேட்பார்களா? பன்னிரண்டாவது தடவை கேட்டால் ஆரம்பித்துவிடலாம் என்று நான்கூட நினைத்திருந்தேன்.

அதற்குள் போய்விட்டாள்.

கோபித்துக்கொண்டு போகவில்லை. பங்குனியில் அவள் தம்பி ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா. சேந்தமங்கலம். மூன்று நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இன்றைக்கு எழுபத்தாறாவது நாள்.

சண்டையா என்று கேட்கிறீங்க. இல்லைங்க. எங்களுக்குள் சண்டையே கிடையாது. நான் வேலையை விட்டு நின்று இரண்டு வருஷமாக வீட்டில்தான் இருக்கிறேன், ஒத்தாசையாகத்தான் இருந்திருக்கிறேன். சாம்பாருக்கு எத்தனை மிளகாய் கிள்ளிப் போட்டாள், நேற்றைக்கு எத்தனை என்று அவளுக்கு ஞாபகம் இருக்காது. நான் சொல்வேன். கொடியில் எத்தனை கிளிப்பு இருந்தது, இப்போது எத்தனை குறைகிறது, அதையும் சொல்வேன். புறப்படுவதற்கு முந்தின நாள் பருப்புக்குக் குக்கர் வைத்துவிட்டு, மூன்று விசிலுக்கு இறக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டே கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்ததும், நாலு ஆகிவிட்டது என்றேன். இறக்கி வைத்திருக்கலாமே என்றாள். நாலாவது இப்போதுதான் முடிந்தது என்றேன். தகவல்தான் சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவளும் உயர்த்தவில்லை. அன்றைக்குப் பருப்பைத் தாளிக்காமல் ஊற்றினாள், அது ஒன்றுதான்.

மூன்று நாள் ஆறாகி, ஆறு பத்தாகி, நாற்பதாம் நாள் அவள் தம்பி போன் பண்ணினான். செல்லமுத்து என்று பேர், வெல்ல மண்டி வைத்திருக்கிறான், எதையும் சிரித்துக்கொண்டே பேசுகிறவன். “மச்சான், எங்கக்கா ஒண்ணு சொல்லுச்சு. அந்தப் பின்னால ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சா வருதாம்” என்றான்.

நான் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. வெள்ளை என்றா சொன்னாள் என்று கேட்டேன். ஆமாம், வெள்ளையடிச்சு வெச்சா என்றுதான் சொன்னது என்றான். மறுபடியும் ஒரு தடவை கேட்டேன். “இதென்ன மச்சான், கோர்ட்டுல கேக்கறாப்ல கேக்கறீங்க. வெள்ளையடின்னுதான் சொல்லுச்சு” என்றான். இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டுதான் காரியத்தில் இறங்கினேன். இது உங்களுக்கு நன்றாகத் தெரியவேண்டும். அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு ஓடுகிறவன் இல்லை நான்.

ஆளை வைத்து அடித்திருக்கலாமே என்பீங்க. பெயிண்டர் ஒருத்தரைக் கூப்பிட்டுத்தான் காட்டினேன். அளவு நாடா எடுக்காமல் கண்ணாலேயே பார்த்துவிட்டு இரண்டு நாள் வேலை என்றார். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. அப்புறம், “கலரு அம்மாவக் கேட்டுச் சொல்லீருங்க. அம்மா எங்கீங்க?” என்றார். கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். சரி, வரட்டும் என்று உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். எவ்வளவு நேரம் ஒருத்தர் முன்னால் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது? கடைசியில், அவள் வர நேரமாகும், நானே சொல்லியனுப்புகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவர் படியிறங்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன், இது நாமே செய்கிற வேலை என்று. ஊருக்குள் இன்னொரு வாய் எதற்கு?

அறுபத்தேழு வயசில் அன்றைக்குத்தான் முதல்முதலாக பிரஷ்ஷைக் கையில் பிடிக்கிறேன்.

பெயிண்டுக் கடையில் ஒரு பெரியவர். பழைய சுவரா புதுச் சுவரா என்றார். இருபத்திரண்டு வருஷத்துச் சுவர், ஆனால் பெயிண்டு படாதது, அது பழசா புதுசா என்று கேட்டேன். பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் ஒரு கோட்டு, மேலே கலர் இரண்டு கோட்டு என்று சொன்னார். பட்டி என்றால் மாவு மாதிரி ஒன்று, குழைத்துச் சுவரில் இழுக்க வேண்டும். என்ன கலர் என்று கலர் அட்டையை விரித்தார். எண்ணிப் பார்த்தேன், நூற்றிருபது கட்டம் இருந்தது. வெள்ளை என்றேன். படுக்கிற ரூமுக்கு வெள்ளை சீக்கிரம் அழுக்காகுமே, வீட்டில் கேட்டுவிட்டீங்களா என்றார். அவர்கள் சொல்லித்தான் வந்திருக்கிறேன், வெள்ளை என்றே சொன்னார்கள் என்றேன். வெள்ளையிலேயே ஏழு கட்டம் இருந்தது. ஒன்றில் மஞ்சள் தட்டுகிறது, ஒன்றில் நீலம் தட்டுகிறது. எதுவும் தட்டாத வெள்ளையாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ரூமைக் காலி பண்ணினேன். முட்டை அட்டை மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. அவள் கட்டிலைச் சுற்றி மூன்று பக்கமும் அதுதான். அதை வெளியே எடுத்த பிறகுதான் ரூம் அவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

பெயிண்டருக்கு இரண்டு நாள் வேலை. எனக்குப் பதினாறு நாள் ஆனது. அவர் கண்ணால் பார்ப்பார், நான் நூல் பிடித்தேன், அந்த வித்தியாசம்தான். பட்டி இழுக்கும்போது தோள்பட்டை இறங்கிப்போகும். ஒரு சுவரில் ஒரு பாகத்தை முடித்துவிட்டு முக்காலியிலேயே உட்கார்ந்துவிடுவேன். சமைக்கத் தெம்பு இருக்காது. கடையில் நாலு இட்லி வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வேளை சாப்பிடுவேன். ரோலரை ஒரு பட்டைக்கு மேலும் கீழுமாகப் பதினோரு தடவை ஓட்டினேன். எட்டு ஓட்டினால் சிமெண்டு தெரிகிறது, பதினான்கு ஓட்டினால் வழிகிறது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது. கழுத்து இன்னும் இடது பக்கம் திரும்புவதில்லை, பாருங்க. நீங்க இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் பேச முடிகிறது.

கண் போனது உப்புத்தாள் போட்டபோது. பட்டி காய்ந்ததும் தேய்க்க வேண்டுமே, அண்ணாந்து தேய்த்தேன். தூள் விழுந்தது. விழுந்ததைக் கசக்கினேன், அதுதான் தப்பு. கருவிழியில் கீறல் என்றார் இங்கே டாக்டர். கண்ணுக்கு மூடி போட்டு அனுப்பினார். தூசி பக்கமே போகக் கூடாது என்றார். தேய்ப்பு முடிந்துவிட்டது, இனி அடிப்புதானே என்று ஒரு கண்ணை வைத்துக்கொண்டே பிரைமரும் இரண்டு கோட்டு வெள்ளையும் அடித்து முடித்தேன்.

முடித்துவிட்டுச் செல்லமுத்துவுக்குச் சொன்னேன். புதன்கிழமை பதினொன்று பத்துக்கு அவளை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வந்தான்.

அவள் நேராகப் பின்னால் போனாள். நிலைப்படியில் நின்றாள். நான் பின்னால் நின்றேன். அவள் தோளுக்கு மேலே பார்த்தால் எதிர்ச் சுவரில், ஜன்னலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் இரண்டாவது கோட்டு ஏறாமல் விட்டுப்போயிருந்தது. ஒற்றைக் கண்ணால் அடித்தால் அப்படித்தான். அவள் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று எனக்கு இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

செல்லமுத்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் மச்சான், பால் சொசைட்டியாட்ட இருக்குது” என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“ஏனுங்க, வெள்ளையடின்னா வெள்ளையவா அடிப்பாங்க?” என்றாள்.

“வெள்ளைன்னுதானே சொன்னே.”

“பொங்கலுக்கு எல்லாருந்தான் வூட்டுக்கு வெள்ளையடிக்கறாங்க. நம்ம வீதில எத்தன வூடு வெள்ளையா இருக்குது?”

“மூணு” என்றேன். பதினேழு வீட்டில் மூன்று. அவள் கேட்டதற்குப் பதில்தானே சொன்னேன்? செல்லமுத்து வாயைப் பொத்திக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டான்.

அவள் உள்ளே போய்ச் சுவரில் கையை வைத்தாள். காய்ந்துவிட்டது, ஒட்டாது என்றேன். கையை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்: “நீங்க குத்துக்கல்லாட்ட இருக்கையிலயே என்னைய வெள்ளைக்குள்ள உக்கார வெக்கறீங்களா?”

எங்கள் பக்கம் யார் வெள்ளை கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அது சேலைங்க. சேலைக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம்? அதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எனக்கு அந்த நேரத்துக்கு வார்த்தை வராது, எப்போதும் மூன்று நாள் கழித்துத்தான் வரும். காப்பி போட்டுக் கொடுத்தேன், அரை டம்ளர் குடித்தாள். பதினொன்று முப்பத்தைந்துக்கு வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

இருபத்தைந்து நிமிஷம். பதினாறு நாள் வேலைக்கு இருபத்தைந்து நிமிஷம் இருந்தாள்.

ஆறு நாள் கழித்து நானே போன் பண்ணினேன். எனக்குப் போனில் பேசவே வராது. அவளிடம் நானாகப் போன் பண்ணிப் பேசினது அதுதான் முதல் தடவை. என்ன கலர் வேண்டும், சொல்லிவிடு, அதையே அடித்துவிடுகிறேன் என்றேன். வெட்டிவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன், நொடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் சொன்னாள். “அன்னிக்கு நான் கட்டிட்டு வந்த சேலைக் கலர்ல அடிச்சு வெய்யுங்க. வந்து இருந்துக்கறேன்.”

போனை வைத்துவிட்டாள்.

இப்போது சொல்லுங்க. இதில் நான் என்ன செய்வேன்? செல்லமுத்துவைக் கேட்டேன். “எனக்கென்ன மச்சான் தெரியும், அது வண்டில பின்னாலதான உக்காந்திருந்துச்சு” என்றான். கேட்டுச் சொல்லு என்றேன். கேட்டானாம், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாளாம். ஓசூருக்குப் போன் பண்ணினேன். என் பெண், “நீங்களே யோசிங்கப்பா” என்று மட்டும் சொன்னாள்.

யோசிக்காமலா இருக்கிறேன்? பீரோவைத் திறந்து எண்ணினேன். அவளுக்கு மொத்தம் முப்பத்தொரு சேலை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், தீபாவளிக்குத் தீபாவளி எண்ணுவேன். பீரோவில் இருபத்தேழு இருந்தது. ஆக, கொண்டுபோனது நாலு. அன்றைக்குக் கட்டிக்கொண்டு வந்தது அந்த நாலில் ஒன்று. அதுவரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். அந்த நாலும் என்ன கலர் என்று தெரிந்தால் போதும். இருக்கிற இருபத்தேழையும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு, இல்லாதது எது, இல்லாதது எது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். இல்லாதது எப்படிங்க தெரியும்? பரப்பினதில்கூடப் பாதிக்கு மேல் அவள் கட்டி நான் பார்த்த மாதிரியே இல்லை. எல்லாம் புதுச்சேலை மாதிரி இருந்தது. மடிப்பு நைந்துபோயிருந்தது, ஆனால் எனக்குப் புதுசாக இருந்தது.

திரும்ப மடித்து வைக்கத் தெரியவில்லை. அப்படியே கட்டிலில் கிடக்கிறது. நேற்று சும்மா இருக்க முடியாமல், ஜன்னலுக்கு மேலே விட்டுப்போன இடத்தைப் பூசினேன். எப்படியும் வேறு கலர் அடிக்கப்போகிற சுவர்தான். தெரியும். இருந்தாலும் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

நானும் சமாதானம் பண்ணிக்கொண்டுதான் பார்க்கிறேன். கண்ணில் மூடி போட்டிருந்தது. ஒரு கண்தான் திறந்திருந்தது. அவளைப் பார்த்தபோது ஜன்னல் வெளிச்சம் எதிரே அடித்தது. அப்புறம், ஆம்பிளை எவனுக்குங்க சேலைக் கலர் ஞாபகம் இருக்கும்? எந்த வீட்டிலாவது உண்டா? முட்டை எண்ணுகிறவனிடம் கோழி என்ன நிறம் என்று கேட்கிற மாதிரி இல்லையா இது?

நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறேன். நீங்க யாருக்குப் பார்க்க வந்திருக்கீங்க? உங்களுக்கா?

வீட்டம்மாவுக்கா. உள்ளே போயிருக்கிறார்களா? நான் உட்காருவதற்கு முன்னாலேயே போய்விட்டார்களா? அதனால்தான் பார்க்கவில்லை. புரையா? பயப்படாதீங்க, இப்போதெல்லாம் பத்து நிமிஷம் என்கிறார்கள்.

அப்படியானால் நீங்களே சொல்லுங்க, தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இப்போது உள்ளே போயிருக்கிறார்களே, அவர்கள் என்ன கலர் சேலை கட்டியிருக்கிறார்கள்? யோசித்துச் சொல்லுங்க, அவசரமில்லை.

பச்சையா.

என்ன பச்சை? வெற்றிலைப் பச்சை... கரையா? நான் கரை கேட்கவில்லையே. அரக்குக் கரை. கரையில் சின்னச் சின்னதாக மாங்காய். எப்போது எடுத்தது என்றுகூடத் தெரியுமா? ஓ. வேண்டாம் என்றவரை நீங்கதான் கட்டாயப்படுத்தி எடுத்துக் கொடுத்தீங்களா.

இல்லைங்க. சும்மாதான் கேட்டேன்.

கதவு திறக்கிறது, இவர்கள்தானா? கூட நர்ஸ் வருகிறதே. ஆமாம். பச்சைதான். கரையும் அரக்குத்தான். மாங்காய் இங்கேயிருந்து தெரியவில்லை, ஆனால் நீங்க சொன்னால் இருக்கும். போங்க, கையைப் பிடித்துக்கொள்ளுங்க. மருந்து விட்டிருப்பார்கள், படி தெரியாது. அவர்களை இங்கே, என் இடத்தில் உட்கார வையுங்க. காற்று வரும்.

எனக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. நான் வராண்டாவில் நின்று ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன். என்ன சொல்வதா? மறந்துபோச்சு என்று சொல்லலாம் என்றுதான் காலையில் கிளம்பும்போது நினைத்திருந்தேன். அது சரியாக வராதுங்க. பார்த்திருந்தால்தானே மறக்கிறதுக்கு. பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.